கான்கார்டு கேப்டனைப் பார்க்கப் போகிறேன்

வியாழன், டக்ஸ்ஃபோர்டு

சனிக்கிழமை காலை பிரிஸ்டல் பக்கத்தில் ஒருவரைச் சந்திக்கப் போகிறேன். வயது எண்பத்தைந்து. பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் இந்தக் குறிப்புகள் முழுக்க அவர் வெறும் 'கேப்டன்'தான். பிரிட்டிஷ் ஏர்வேஸில் கான்கார்டு, அதாவது ஒலியை முந்திப் பறந்த அந்தப் பயணிகள் விமானம், ஓட்டியவர்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு பத்திரிகையில் அவர் படம் வந்தது. காக்பிட்டின் இடப்பக்க நாற்காலி, வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு பட்டை, வலது கை, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மேல். ஓரத்தில் வேறு யாருடையதோ ஒரு கை, கடிகாரம் கட்டியது, பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். அதைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். கூடப் படித்தவர்களுக்குக் கிரிக்கெட் வீரர்கள், நடிகர்கள். எனக்கு இந்த மனிதர். படத்துக்குக் கீழே ஒரே வரி: ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் தினமும் வேலைக்குப் போகிறவர். அந்த ஒரு வரியில் நான் சில வருடங்கள் வாழ்ந்தேன் என்றால் மிகையில்லை.

இங்கே இங்கிலாந்தில் ஒரு விமான மியூசியத்தில் தன்னார்வலராக இருக்கும் நண்பர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். "உன் அலமாரிக்காரர் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம்" என்று செய்தி அனுப்பினார். அப்புறம் டிக்கெட் போடாமல் இருக்க முடியுமா?

சனிக்கிழமை வரை சும்மா இருப்பானேன் என்று, வழியில் இருக்கிற கான்கார்டுகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என முடிவு. மொத்தமே 20தான் கட்டினார்கள். அதில் பயணிகளை ஏற்றிச் சேவையில் பறந்தவை 14, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 7, ஏர் பிரான்ஸுக்கு 7. மீதி ஆறும் சோதனைக்காக. அப்படிச் சோதனைக்குப் பறந்த ஒன்று டக்ஸ்ஃபோர்டு விமான மியூசியத்தில் நிற்கிறது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில் ஏறி விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வேயில் இறங்கினால் பக்கம்தான்.

இதற்கு 101 என்று பெயர். கான்கார்டுகளிலேயே அதிக வேகம் போனது இதுதான். 1974 மார்ச் 26 அன்று மாக் 2.23, அதாவது ஒலியைப் போல் 2.23 மடங்கு வேகம் தொட்டது. இந்த மியூசியத்துக்கு வந்து சேர்ந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எம் 11 நெடுஞ்சாலைக்காக டக்ஸ்ஃபோர்டு ரன்வேயின் ஒரு முனையை வெட்டப் போகிறார்கள். வெட்டிவிட்டால் கான்கார்டு இங்கே இறங்க முடியாது. அதற்குள் முந்திக்கொண்டு 1977 ஆகஸ்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆக, இனி அது இங்கிருந்து பறந்து போகவும் வழியில்லை.

உள்ளே ஏறலாம். மிகப் பெரிய ஏமாற்றம் அகலம். வெளியே இருந்து பார்த்தால் நீளமான ஒரு வெள்ளைப் பறவை, உள்ளே போனால் ஒரு குழாய். ஜன்னல்கள் என் உள்ளங்கை அளவு. சோதனை விமானம் என்பதால் இருக்கைகளுக்குப் பதில் அலமாரி அலமாரியாக அளவுக் கருவிகள். காக்பிட் வாசலில் எல்லாரும் முட்டி மோதிக்கொண்டு முன்னால் இருக்கிற இரண்டு நாற்காலிகளைத்தான் படமெடுக்கிறார்கள். நானும்தான். வலப்பக்கச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், நூறு நூறாய் டயல்களும் சுவிட்சுகளும். அதன் முன்னால் பக்கவாட்டில் திரும்பிய மூன்றாவது நாற்காலி ஒன்று. அதை யாரும் படமெடுக்கக் காணோம்.

எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுவன் அப்பாவிடம், "இவ்வளவு வேகமாகப் போகுமென்றால் ஏன் நிறுத்தினார்கள்?" என்று கேட்டான். "காசு" என்றார் அப்பா. அதோடு விஷயம் முடிந்தது அவருக்கு. தவறான பதில் இல்லை. ஆனால் கான்கார்டை ஒரே காரணம் கொல்லவில்லை. ஒலித்தடையைத் தாண்டும்போது எழும் இடிச்சத்தத்தால் நிலத்துக்கு மேல் அந்த வேகத்தில் பறக்க நாடுகள் விடவில்லை, எனவே கடல் மேல் செல்லும் வழிகள் மட்டுமே மிஞ்சின. நூறு பேரை ஏற்றிக்கொண்டு எரிபொருளை வெள்ளமாகக் குடித்தது. 2000 ஜூலையில் பாரிஸ் விபத்து. திருத்தி மறுபடி சேவைக்கு வந்தது 2001 நவம்பரில், நியூயார்க் தாக்குதல்கள் முடிந்து இரண்டே மாதத்தில், யாரும் விமானம் ஏற விரும்பாத நேரத்தில். கடைசியில் 2003-ல் ஏர்பஸ் இனிப் பராமரிப்புக்கு உதவ முடியாது என்றது. அவ்வளவுதான். பையனிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஓடியிருப்பான்.

வெள்ளி, ப்ரூக்லண்ட்ஸ்

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வெய்பிரிட்ஜ். 1907-ல் கார் பந்தயத்துக்கென்றே கட்டிய உலகின் முதல் பாதை இங்கேதான். சாய்வாக எழும்பி நிற்கும் அந்தக் கான்கிரீட் வளைவில் பாசி படிந்து கிடக்கிறது. பிறகு விமானத் தொழிற்சாலை வந்தது, கான்கார்டின் உடற்பகுதிகளில் கணிசமானவை இங்கே செய்து, விமானத்தை ஒன்றுசேர்த்த பிரிஸ்டல் பக்கத்து ஃபில்டனுக்குப் போயின. லாக் நெஸ் ஏரிக்கடியிலிருந்து தூக்கி எடுத்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானமும் இருக்கிறது. அதற்கே அரை நாள் வேண்டும், நான் அரை மணிதான் கொடுத்தேன்.

வந்தது டெல்டா கோல்ஃப் என்ற கான்கார்டுக்காக. முதன்முதலில் 100 பேரை மாக் 2 வேகத்தில் கொண்டுபோன விமானம். அதற்குக் கிடைத்த மரியாதை என்னவென்றால், பின்னாளில் மற்ற கான்கார்டுகளுக்கு உதிரி பாகம் வேண்டுமென்றபோதெல்லாம் இதிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். 2004-ல் துண்டுகளாக லாரியில் வந்து சேர்ந்ததைத் தன்னார்வலர்கள் பொறுமையாக ஒட்டவைத்து மறுபடி விமானமாக்கியிருக்கிறார்கள்.

இங்கே இன்னொரு பொக்கிஷம், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் பயிற்சி எடுத்த அசல் சிமுலேட்டர். முன்பு ஃபில்டனில் இருந்தது. அப்படியானால் என் கேப்டனும் இதற்குள் வியர்த்திருப்பார். இப்போது அது ஆடி அசைவதில்லை, ஆனால் காக்பிட் உயிரோடுதான் இருக்கிறது. வழிகாட்டியாக நின்ற பெரியவர், எந்த நாற்காலியில் உட்கார ஆசை என்று கேட்டார். கேட்க வேண்டுமா, இடப்பக்கம். உட்கார்ந்ததும் அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் அங்கேதான் உட்காருவார்கள். நான் பின்னால் இருக்கிறதைக் காட்டட்டுமா?" என்று அந்தச் சுவரைக் காட்டினார். நேற்று யாரும் படமெடுக்காத அதே சுவர்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கான்கார்டுக்கு வாலில் கிடைமட்ட இறக்கை கிடையாது. ஒரே ஒரு பெரிய முக்கோண இறக்கைதான். ஒலி வேகத்துக்குள் பறக்கும்போது இறக்கையின் தூக்குவிசை ஓர் இடத்தில் குவிகிறது. ஒலி வேகத்தைத் தாண்டியதும் அந்த இடம் சுமார் 2 மீட்டர் பின்னால் நகர்ந்துவிடுகிறது. சைக்கிளின் பின் கேரியரில் மூட்டை ஏற்றினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும் அல்லவா, இது அதற்கு நேர் எதிர்: மூக்கு கீழே குத்தும். சாதாரண விமானம் என்றால் வால் இறக்கையைத் திருப்பிச் சமாளிக்கும். கான்கார்டில் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் தட்டுகளைத் திருப்பிச் சமாளிக்கலாம்தான், ஆனால் காற்று இழுக்கும், எரிபொருள் தீரும், அட்லாண்டிக்கைத் தாண்ட முடியாது.

அதற்கு அவர்கள் கண்ட வழி, விமானத்தின் எடையையே பின்னால் நகர்த்திவிடுவது. மொத்தம் 13 எரிபொருள் டேங்குகள். வேகம் ஏற ஏற முன்பக்க டேங்குகளிலிருந்து சுமார் 20 டன் எரிபொருளைப் பின்னால் பம்ப் செய்ய வேண்டும், வாலுக்குள் இருக்கும் 11-ஆம் எண் டேங்க் உட்பட. வேகம் குறையும்போது அதே எரிபொருளை மறுபடி முன்னால். ஒவ்வொரு வேகத்துக்கும் எடையின் மையம் எங்கே இருக்கலாம் என்று முன்னெல்லையும் பின்னெல்லையும் உண்டு. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் விமானத்தை நடத்திக்கொண்டு போக வேண்டும்.

"இதைக் கேப்டனா செய்வார்?" என்றேன்.

"கேப்டனுக்கு வேறு வேலை இருக்கிறது. இது ஃப்ளைட் இன்ஜினியர் வேலை."

எரிபொருள் மட்டுமில்லை. நான்கு இன்ஜின்களுக்கு முன்னால் காற்று நுழையும் வாய்கள், அதற்குள் ஏறி இறங்கும் தகடுகள், மாக் 2-ல் வரும் காற்றை இன்ஜின் தாங்குகிற அளவுக்கு மெதுவாக்கும் ஏற்பாடு, ஹைட்ராலிக்ஸ், மின்சாரம், கேபின் அழுத்தம், எல்லாம் அந்தச் சுவரில். கம்ப்யூட்டர்கள் உதவுகின்றன, ஆனால் அவை சொல்வதை நம்பலாமா என்று பார்க்க ஒரு மனிதர். 1989-ல் சேவைக்கு வந்த போயிங் 747-400-ல் அந்த மூன்றாவது நாற்காலியே கிடையாது. கான்கார்டு மட்டும் 2003 வரை அவரை விடவில்லை.

நான் கேப்டனிடம் கேட்க எழுதி வைத்திருந்த கேள்விகளை இரவு எடுத்துப் பார்த்தேன். வேகம், உயரம், பயம், பிரபலங்கள். எந்தப் பேட்டியிலும் வருகிற கேள்விகள். பிரபலங்களை அடித்துவிட்டேன். மற்றவை இருக்கட்டும்.

சனி, ஃபில்டன்

இதை எழுதும்போது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. நாளைக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும்.

ஏரோஸ்பேஸ் பிரிஸ்டல் மியூசியம், ஃபில்டன் விமானத்தளத்தின் ஓரத்தில், 2017-ல் திறந்தது. விமானத்தளம் 2012 கடைசியிலேயே மூடிவிட்டார்கள். பிரிட்டனில் கட்டிய கான்கார்டுகள் எல்லாம் இந்த ரன்வேயிலிருந்துதான் முதன்முதலில் எழுந்தன. இப்போது அங்கே வீடுகள் முளைக்கின்றன.

கேப்டன் மகளோடு வந்தார். படத்தில் இருந்தவரை நான் மனத்தில் வளர்த்து வைத்திருந்த உயரத்துக்கு ஆள் இல்லை. கைத்தடி, காதில் கருவி, கம்பளிச் சட்டை. நான் எழுந்து நின்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். அவர் பாதியில் கைகுலுக்கிவிட்டு, "மழை வரப் போகிறது, உள்ளே போய்விடலாம்" என்றார். மகள் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இடப்பக்கமாக நின்று பேசுங்கள், அந்தக் காதுதான்" என்றார். அதன்பின் நாள் முழுக்க நான் அவருக்கு இடப்பக்கம்தான்.

ஹேங்கருக்குள் ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட். கடைசியாகக் கட்டிய கான்கார்டு. 1979 ஏப்ரலில் இங்கிருந்து முதல் தடவை பறந்தது. 2003 நவம்பர் 26 அன்று இங்கேயே வந்து இறங்கியது. உலகத்தில் எந்தக் கான்கார்டும் அதற்குப் பிறகு பறக்கவில்லை. இறங்குவதற்கு முன் க்ளிஃப்டன் தொங்கு பாலத்துக்கு மேல் ஒரு சுற்று.

"அன்றைக்கு நீங்கள் உள்ளே இருந்தீர்களா?"

"நான் 55 வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன், அந்தக் காலத்து நிறுவன விதி அப்படி. அன்றைக்கு வெளியே வேலிப் பக்கம் நின்றிருந்தேன். ஊரே நின்றது."

அவர் மூக்கைப் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் கூர்மூக்கின் கீழே நின்று படமெடுக்க, இவர் நேராக இறக்கைக்கு அடியில் போய்ச் சக்கரங்களுக்கு முன்னால் நின்றார். டயரைக் கைத்தடியால் லேசாகத் தட்டினார். மேலெழும்பும்போது மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தை இந்த டயர்கள் தாங்க வேண்டும். பாரிஸில் அன்று, முன்னால் போன வேறொரு விமானத்திலிருந்து விழுந்த உலோகப் பட்டை ஒன்று ரன்வேயில் கிடந்தது. அது டயரைக் கிழிக்க, கிழிந்த ரப்பர் இறக்கையின் அடியில் அறைய, டேங்க் பிளந்து தீப்பிடித்தது. விமானத்திலிருந்த 109 பேரும் தரையில் நான்கு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு டேங்குகளுக்கு உள்ளே கெவ்லார் என்ற வலுவான இழைத்துணி விரித்தார்கள், புதுவகை டயர் போட்டார்கள். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். அவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அப்போது நான் விட்டு ஐந்து வருடம். டிவியை அணைத்துவிட்டேன்" என்றார். மேலே எதுவும் பேசவில்லை. நானும் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். ஒரிஜினல் எப்போதோ போய்விட்டது, பழைய பிரதி ஒன்றிலிருந்து நகல் எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். எப்போது எடுத்தது, எந்தப் பத்திரிகை, ஒன்றும் நினைவில்லை. "படம் எடுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்" என்றார். எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும், மகள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஆனால் கேப்டன் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விரலை ஓரத்தில் வைத்தார்.

"இது அவன் கை."

"யாருடையது?"

"என் இன்ஜினியர். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டுவான், பார், பட்டை மட்டும்தான் தெரிகிறது. இப்படிக் கட்டுகிறவன் அவன் ஒருவன்தான்." என்னிடம் முதல் தடவையாகக் குரல் உயர்த்திப் பேசினார். "பத்திரிகைக்காரர்கள் எப்போதும் இவனை வெட்டிவிடுவார்கள்."

மேலெழும்பும்போது இன்ஜினியர் தன் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு இரண்டு விமானிகளுக்கும் நடுவில் வந்துவிடுவாராம். கேப்டன் கை த்ராட்டிலில் என்றால் அதற்குப் பின்னாலேயே அவர் கை. தரையை விட்டு எழுந்து கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தால், நியூயார்க் வரை மூன்றரை மணி நேரம் அவர் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

பயம் பற்றிய கேள்வியை இந்த இடத்தில் நுழைத்தேன். கேப்டன் ஒரு சர்ஜ் கதை சொன்னார். மாக் 2-ல் போகும்போது இன்ஜினுக்குள் போகிற காற்று தடுமாறிப் போனால் அது வெளியே தும்மும். தும்மல் என்றால் பீரங்கி மாதிரி. ஒரு பக்கத்து இன்ஜின் தும்மினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துகொள்ளும், அடுத்தடுத்து. "நான்கு இடி. கேபினில் தட்டுகளெல்லாம் கீழே. எல்லாரும் என் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. எது வெடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். த்ராட்டிலைக் குறைத்து, அந்தக் காற்று வாயைச் சரிசெய்து, எல்லாம் அடங்கிய பிறகு எரிபொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அப்புறம்தான் பேசினான். நான் மைக்கை எடுத்துப் பயணிகளிடம் ரொம்ப அமைதியாகப் பேசினேன். எல்லாரும் இறங்கும்போது எனக்குத்தான் கை கொடுத்தார்கள்."

18 கிலோமீட்டர் உயரத்தில் வானம் கறுத்துப் போவதையும் பூமி வளைந்து தெரிவதையும் பற்றிக் கேட்டேன். இது நான் சின்ன வயதிலிருந்து கேட்க வைத்திருந்த கேள்வி. நீண்ட பதில் வருமென்று பேனாவை எடுத்தேன். "அழகுதான். பயணிகள்தான் நன்றாகப் பார்த்திருப்பார்கள், அவர்களுக்கு வேலை இல்லை" என்று முடித்துவிட்டார். பேனாவை மூடினேன்.

ஆனால் வெப்பத்தைப் பற்றிக் கேட்டபோது விழித்துக்கொண்டார். வெளியே மைனஸ் 50-க்கும் கீழே குளிர். ஆனால் அந்த வேகத்தில் காற்று அழுந்திச் சூடேறி மூக்கு நுனி 127 டிகிரி வரை போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது, கான்கார்டின் வேகத்துக்கு வரம்பு வைத்தது இன்ஜின் இல்லை, இந்தச் சூடுதான் என்றார். அந்தச் சூட்டில் விமானம் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். இன்ஜினியர் சுவருக்கும் அதற்குப் பின்னால் இருக்கிற தடுப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி திறக்கும், கை நுழைகிற அளவுக்கு. குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். ஓய்வுக்குப் போகும் கடைசிப் பயணத்தில் இன்ஜினியர்கள் தங்கள் தொப்பியை அந்த இடைவெளிக்குள் சொருகிவிட்டார்கள். விமானம் குளிர்ந்தது, தொப்பி மாட்டிக்கொண்டது. அமெரிக்காவில் சியாட்டிலில் நிற்கும் ஆல்ஃபா கோல்ஃப் என்ற கான்கார்டில் அப்படித்தான். இனி எந்தக் கான்கார்டும் அந்தச் சூட்டுக்குப் போகப் போவதில்லை, ஆகவே எடுக்கவும் முடியாது. இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கேப்டன்கள் யாரும் அப்படி ஒரு யோசனை செய்திருக்க மாட்டார்களாம்.

மதியத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்தோம். உங்களுக்குச் சின்ன வயதில் யார் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பில் பெக்."

இந்த ஊர்ப் பையன் அவர். 1949 செப்டம்பரில், ஒன்பது வயதில், பிரபசான் விமானம் இதே ரன்வேயிலிருந்து எழுவதைப் பார்த்திருக்கிறார். 70 மீட்டர் இறக்கை, எட்டு இன்ஜின். அதற்கு ரன்வே போதாதென்று சார்ல்டன் என்ற கிராமத்தையே இடித்துத் தள்ளி நீட்டினார்கள். ஓட்டியவர் பில் பெக், பிரிஸ்டல் விமான நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி. அந்த விமானத்தை வாங்க ஆளில்லாமல் 1953-ல் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஆனால் பெக் போகவில்லை. 1954 பிப்ரவரியில் பிரிட்டானியா விமானத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு பறந்தபோது இன்ஜின் தீப்பிடித்தது. செவர்ன் ஆற்று முகத்துவாரச் சேற்றில் வயிற்றுப்பக்கமாக இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள்.

"அவரைச் சந்தித்தீர்களா?"

"இல்லை. கேட்டிருந்தால் யாராவது ஏற்பாடு செய்திருப்பார்கள். நான் கான்கார்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார்." கைத்தடியைக் கீழே வைத்தார். "லண்டனிலிருந்து நியூயார்க் போகும்போது பிரிஸ்டல் சேனலுக்கு மேல்தான் ரீஹீட்டைப் போட்டு, இன்ஜினின் பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து, ஒலியைத் தாண்டுவோம். செவர்ன் கீழே தெரியும். அந்தச் சேற்றை ஒரு பார்வை பார்ப்பேன்."

பூமியின் வளைவைப் பார்க்க நேரமில்லாதவர் சேற்றைப் பார்த்திருக்கிறார். எனக்கு இதுதான் இன்றைய நாள்.

கிளம்பும் முன் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கணக்குத் தணிக்கை என்றேன். அடுத்தவர் போட்ட எண்களைச் சரிபார்ப்பது. அவர் மகள் பக்கம் திரும்பி, "இவர் தப்பான ஆளைப் பார்க்க வந்திருக்கிறார்" என்றார். பிறகு என் நோட்டை வாங்கி, நடுங்குகிற எழுத்தில் ஒரு தொலைபேசி எண் எழுதினார். அந்தக் கடிகாரக்காரர் இருக்கிறார். வடக்கே எங்கேயோ. "நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். எதிர்த்துப் பேசுவான், கண்டுகொள்ளாதீர்கள்."

ஞாயிறு, யோவில்டன்

நண்பர் காரில் கூட்டிப் போனார். கடற்படையின் விமான மியூசியம், ஓடுகிற ரன்வேயின் பக்கத்திலேயே. இங்கே நிற்பது 002, பிரிட்டனில் கட்டிய முதல் கான்கார்டு. பிரெஞ்சுக்காரர்களின் 001 ஆந்த்ரே துர்கா ஓட்ட 1969 மார்ச் 2-ல் துலூஸில் பறந்துவிட்டது. ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 9 அன்று, இது ஃபில்டனிலிருந்து எழுந்து ஃபேர்ஃபோர்டில் இறங்கியது. 22 நிமிடம். இறங்குகிற நேரத்தில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டும் ரேடியோ ஆல்ட்டிமீட்டர் இரண்டும் வேலை செய்யவில்லை. ஓட்டிய சோதனை விமானி பிரையன் ட்ரப்ஷா கண்மதிப்பில் இறக்கினார்.

இதன் முகம் வேறு மாதிரி. சேவைக்கு வந்த கான்கார்டுகளில் காக்பிட்டுக்கு முன்னால் ஏறும் முகத்திரை முழுக்கக் கண்ணாடி. இதில் உலோகம், நடுவில் இரண்டு சிறிய ஜன்னல். அதை ஏற்றிவிட்டால் விமானிக்கு முன்னால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அமெரிக்க அதிகாரிகள் இது ஆகாது என்றதும்தான் கண்ணாடி வந்தது. வியாழக்கிழமை பார்த்த 101-ல் அந்தப் புது முகம் இருந்ததை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

அன்றைய குழுவைப் படித்தேன். ட்ரப்ஷா பெயர் விமானப் பைத்தியம் பிடித்த யாருக்கும் தெரியும். துணை விமானி ஜான் காக்ரேன் பெயர் சிலருக்குத் தெரியும். இன்ஜினியர் பிரையன் வாட்ஸ். நான் கான்கார்டு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வளர்ந்தவன், அந்தப் பெயரில் கண் நின்றது இன்றைக்குத்தான். உள்ளே ஏறி, வரிசையில் நின்று, என் முறை வந்தபோது வலப்பக்கச் சுவரை மட்டும் படமெடுத்தேன். பின்னால் நின்ற அம்மா, முன்னால் போகவில்லையா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் மழை. காரிலிருந்தே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. யார், எதற்கு, யார் சொல்லி என்று ஒரு செய்தி அனுப்பினேன். இரவு பதில் வந்திருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"செவ்வாய் மாலை 4 மணி. கேள்விகளை வரிசை எண் போட்டு முன்கூட்டியே அனுப்பவும். கேப்டன் என்னென்ன கதைகள் சொன்னார் என்பதையும் தனியாக எழுதி அனுப்பவும். திருத்த வேண்டியிருக்கும்."

அனுப்பிவிட்டேன். முதல் கேள்வி, அந்த சர்ஜ் வந்த நாளில் மொத்தம் எத்தனை இடி என்பது.